முகங்களை முழுமையாய்ப் படித்த மேதை இப்னுல் ஹைதம்

ஈராக் நாட்டின் 10,000 தீனார் தாளில் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு பெரியவரின் முகம் அச்சிடப்பட்டிருக்கிறது. 2003ஆம் ஆண்டு முதல் ஈராக்கியரின் கைகளில் புழங்கி வரும் அந்த முகம் ஓவியர் ஒருவரின் கற்பனையே. அம்மனிதர் உயிரோடிருந்த காலத்தில் வரையப்பட்ட படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு முகத்தைக் கண்டதும் இவர் இன்னார் என்று மனிதன் எப்படி அறிந்துகொள்கிறான் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதியவரின் சொந்த முகம் எப்படியிருந்தது என்று உலகுக்குத் தெரியாமற் போனது ஒரு விந்தைதான். அவர் பெயர் அபூஅலி அல்ஹஸன் இப்னுல் ஹஸன் இப்னுல் ஹைதம். ஐரோப்பியர் அவரை அல்ஹாசென் என்று அழைத்தனர்.

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் தோழியர் ஒளியியல் பாடத்தில் அவருடைய பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஒளி நேர்கோட்டில் செல்வதையும் அது தெறிப்பதையும் முறிவதையும் ஆராய்ந்தவர் என்ற அளவில் அப்பெயர் நமக்கு அறிமுகம். ஆனால் அவரது ஆராய்ச்சி கண்ணின் வாசலோடு நின்றுவிடவில்லை. ஒளி கண்ணுக்குள் வந்த பின்னர் என்ன நடக்கிறது, சிதறிய நிறப்புள்ளிகள் எப்படி ஒரு மரமாக, ஒரு தோணியாக, ஒரு தாயின் முகமாக நமக்குத் தெரிகின்றன என்ற கேள்வியையும் அவர் கேட்டார். அந்தக் கேள்வியின் வழியாக அவரது வாழ்க்கையைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பஸராவின் மாணவர்

ஹிஜ்ரி 354இல், அதாவது கி.பி. 965 அளவில், ஈராக்கின் பஸரா நகரில் அவர் பிறந்தார். அல்பிரூனியும் இப்னு ஸீனாவும் பிறந்த அதே தலைமுறை அது. பஸரா ஒரு துறைமுக நகரம். இந்து சமுத்திரத்தின் வணிகக் கப்பல்களோடு பல நாட்டு மக்களும் பல கொள்கைகளும் அங்கே வந்திறங்கின. இளவயதில் அவர் கண்டது ஒரு பெரிய குழப்பம். ஒவ்வொரு கூட்டத்தாரும் தாம் சொல்வதே சரியென்று உறுதியாக நின்றனர். உண்மை ஒன்றுதான், அதை அடையும் வழிகளில்தான் வேறுபாடு தோன்றுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். பிறர் சொன்னதை அப்படியே ஏற்காமல், புலன்களால் அறியக்கூடியதையும் அறிவால் ஒழுங்குபடுத்தக்கூடியதையும் பற்றிக்கொள்வதென்று தீர்மானித்தார். கணிதமும் தர்க்கமும் இயற்கை பற்றிய ஆய்வும் அவருடைய துறைகளாயின.

நைல் நதிக்கரையில்

அவரது வாழ்வின் பெரிய திருப்பம் எகிப்தில் நேர்ந்தது. இப்னுல் கிப்தி என்ற வரலாற்றாசிரியர் அதனை எழுதிவைத்திருக்கிறார். நைல் நதியின் வெள்ளத்தையும் வறட்சியையும் கட்டுப்படுத்த ஒரு வழியுண்டு என இப்னுல் ஹைதம் சொன்ன செய்தி, அப்போது எகிப்தை ஆண்ட பாத்திமிய்யா கலீபா அல்ஹாகிமின் காதுக்கு எட்டியது. கலீபா அவரை அழைத்தார். நகருக்கு வெளியே தாமே வந்து வரவேற்றார். ஆட்களையும் கருவிகளையும் கொடுத்து நதியின் வழியே தெற்கு நோக்கி அனுப்பிவைத்தார்.

போகும் வழியெங்கும் பழைய எகிப்தியரின் மாபெரும் கட்டடங்களை இப்னுல் ஹைதம் கண்டார். அவற்றின் நேர்த்தியையும் கணக்கையும் பார்க்கப் பார்க்க அவர் மனம் தளர்ந்தது. இவ்வளவு செய்யத் தெரிந்தவர்களுக்கு நைலைத் தடுப்பது இயலுமானதாக இருந்திருந்தால், அதையும் அவர்கள் செய்திருப்பார்களே என்று அவர் எண்ணினார். அஸ்வானுக்குத் தெற்கே நீர்வீழ்ச்சிகள் உள்ள இடத்தை அடைந்து சோதித்தபோது தமது திட்டம் நடக்காது என்பது உறுதியாயிற்று. திரும்பி வந்து கலீபாவிடம் அதனை ஒப்புக்கொண்டார். அஸ்வானில் முதலாவது அணை 1902இல்தான் கட்டிமுடிக்கப்பட்டது. உயர் அணை நிறைவுபெற்றது 1970இல். அவர் கனவு கண்ட வேலைக்கு உலகம் ஏறத்தாழ 900 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கலீபா அவருக்கு ஓர் அரச பதவியைக் கொடுத்தார். ஆனால் அல்ஹாகிம் எந்நேரம் எவர்மீது சினம் கொள்வார் என்று சொல்ல முடியாத ஆட்சியாளர். உயிருக்கு அஞ்சிய இப்னுல் ஹைதம் புத்தி பேதலித்தவர்போல் நடித்தார் என்பது வரலாறு தரும் செய்தி. அவரது உடைமைகள் பறிமுதலாயின. ஒரு வீட்டுக்குள் அவர் அடைத்து வைக்கப்பட்டார். 1021இல் கலீபா மறைந்த பின்னரே அந்த வேடத்தைக் களைந்து வெளியே வந்தார். உலகமே பித்தனென்று பார்த்த ஒருவர், உள்ளே முழு அறிவோடு இருந்தார். பார்வை எவ்வளவு எளிதாக ஏமாறும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே ஒரு சான்று.

அதன்பின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு அருகே குடியிருந்தார். யூக்ளிட்டின் கணித நூலையும் தொலமியின் வானியல் நூலையும் அவற்றோடு சேர்த்துக் கற்கப்படும் நூல்களையும் ஆண்டுதோறும் கையால் பிரதியெடுத்து விற்றார். 150 எகிப்திய தீனார் கிடைக்கும். அந்த ஆண்டுச் செலவுக்கு அது போதும். மிகுந்த நேரத்தில் தம் ஆராய்ச்சியைச் செய்தார். அவர் எழுதியவையாக 90க்கும் மேற்பட்ட நூல்களின் பெயர்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் தலையாயது ஏழு பாகங்கள் கொண்ட கிதாபுல் மனாழிர், அதாவது பார்வை பற்றிய நூல்.

கண் ஒரு வாசல்

கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்பது யூக்ளிட், தொலமி ஆகியோரின் கருத்து. அப்பெரியோரின் நூல்களை வருடாவருடம் எழுதிப் பிழைத்தவரே அவர்களின் கருத்தை மறுத்தார். சூரியனை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கிறது. பிரகாசமான ஒன்றைப் பார்த்துவிட்டு இருளுக்குத் திரும்பினால் அதன் வடிவம் சிறிது நேரம் கண்ணிலேயே நிற்கிறது. ஆகவே வெளியிலிருந்துதான் ஏதோ ஒன்று கண்ணுக்குள் வருகிறது, அது ஒளியே என்று காட்டினார். கண்ணின் வில்லைப் பகுதியே ஒளியை உணர்கிறது என அவர் எண்ணியது சரியன்று. விழித்திரையில் பிம்பம் விழுவதை 1604இல் கெப்ளர் விளக்கினார். ஆனால் கெப்ளர் ஏறிநின்ற படி இப்னுல் ஹைதம் கட்டியதுதான்.

அடுத்து அவர் செய்தது இன்னும் பெரிய வேலை. நாம் ஒரு பொருளில் காணும் தன்மைகளை அவர் 22 ஆக எண்ணினார். ஒளி, நிறம், தூரம், வடிவம், பருமன், எண்ணிக்கை, அசைவு, கரடு, மென்மை, அழகு, ஒற்றுமை என்று அப்பட்டியல் நீள்கிறது. இவற்றுள் வெறும் புலனால் அறியப்படுபவை ஒளியும் நிறமும் மட்டுமே. மற்ற அனைத்தையும் மனம் ஒப்பிட்டு, நினைவோடு பொருத்தி, முடிவு செய்கிறது. அது மிக வேகமாக நடப்பதால் நாம் முடிவு செய்தோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

இதற்கு அவர் சொன்ன உதாரணம் ஒரு சிறுபிள்ளை. அதன் முன்னே இரண்டு அப்பிள்களை வையுங்கள். ஒன்று மற்றதைவிட அழகானது. பிள்ளை அழகானதையே எடுக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றைச் சிறந்ததென்று தீர்மானித்த பின்னர்தான் அது கையை நீட்டுகிறது. ஒப்பிடுதல் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஆனாலும் அது ஒப்பிடுகிறது.

எழுத்துக் கூட்டும் பிள்ளை

பார்வை இருவகைப்படும் என்றார் அவர். ஒன்று, பார்த்த மாத்திரத்தில் அறிவது. மற்றது, நின்று நிதானித்து உற்றுநோக்கி அறிவது. முன்பே பழகிய பொருளை நாம் பகுதி பகுதியாக ஆராய்வதில்லை. அதன் முழு உருவமும் மனத்தில் ஏற்கனவே இருக்கிறது. ஓர் அடையாளம் கண்ணில் பட்டதும் முழுமையும் எழுந்து வந்துவிடுகிறது.

வாசிக்கத் தெரிந்த ஒருவர் அப்ஜத் என்ற அரபுச் சொல்லைத் தாளில் கண்டால், அலிஃப், பா, ஜீம், தால் என்று தனித்தனியே பார்ப்பதில்லை. சொல்லின் முழு வடிவத்தையும் ஒரே நோக்கில் அறிந்துகொள்கிறார். முன்பின் காணாத சொல் வந்தால்தான் எழுத்தெழுத்தாகப் போகிறார். பிரதியெடுத்து வாழ்ந்தவருக்கு இந்த உதாரணம் தோன்றியது இயல்பே. நம்மூர் குர்ஆன் மத்ரஸாக்களில் இதனை அன்றாடம் காணலாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளை விரலை வைத்து எழுத்துக் கூட்டித் தடுமாறும். இரண்டு வருடம் கழித்து அதே பிள்ளையின் கண் சொல்லுக்குச் சொல் தாவும். எழுத்துகள் மாறவில்லை. பிள்ளையின் மனத்துக்குள் முழு உருவங்கள் சேர்ந்துவிட்டன.

முகமும் அப்படித்தான். கண், மூக்கு, வாய் என்று பட்டியல் போட்டுக் கூட்டி நாம் உம்மாவை அடையாளம் காண்பதில்லை. காலைக் கூட்டத்தில் வெள்ளைச் சீருடையும் பர்தாவுமாக நூற்றுக்கணக்கானோர் நிற்கும்போது, புதிதாய் வரும் ஒருவருக்கு நாமெல்லாரும் ஒன்றுபோலவே தெரிவோம். நமக்கோ முன்வரிசையில் நிற்பவளின் முதுகைக் கண்டாலே போதும், இன்னாள் என்று தெரிந்துவிடும்.

அழகைப் பற்றியும் அவர் இவ்வாறே எண்ணினார். தனித்தனியே அழகான கண்ணும் மூக்கும் வாயும் ஒரு முகத்தில் சேர்ந்தும் பொருந்தாமற் போகலாம். தனியே பார்த்தால் அழகென்று சொல்ல முடியாத உறுப்புகள், ஒன்றோடொன்று அளவாக இசைந்து அழகிய முகமாகலாம். அழகு இந்த இசைவில் பிறக்கிறது என்றார். கையெழுத்துக்கும் இதே விதியைப் பொருத்திக் காட்டினார். கைபேசியில் மூக்கைத் தனியே, கன்னத்தைத் தனியே பெரிதாக்கிப் பார்த்துக் கவலைப்படும் நம் வயதினருக்கு இது ஆறுதலான செய்தி. நம்மைப் பார்ப்பவர் எவரும் நம் மூக்கை மட்டும் பார்ப்பதில்லை.

பார்வை பிழைக்கும் இடங்கள்

கிதாபுல் மனாழிரின் மூன்றாம் பாகம் முழுவதும் பார்வையின் பிழைகளைப் பற்றியது. சரியாகப் பார்க்க எட்டு நிபந்தனைகள் வேண்டும் என்றார். தூரம், எதிரே இருக்கும் நிலை, வெளிச்சம், பருமன், ஒளி ஊடுருவாத தன்மை, இடையிலுள்ள காற்றின் தெளிவு, பார்க்கும் நேரம், கண்ணின் ஆரோக்கியம் ஆகியன அவை. இவற்றில் ஒன்று அளவு தவறினாலும் மனம் தவறான முடிவுக்குப் போகும். தொலைவில் வரும் அந்நியரைத் தெரிந்தவரென்று நினைத்துக் கையசைப்பது இவ்வகைப் பிழையே.

தூரத்தை நாம் அறிவது இடையிலுள்ள பொருட்களின் உதவியால் என்பதையும் அவர் சோதித்துக் காட்டினார். ஒன்றின்பின் ஒன்றாக நிற்கும் இரு சுவர்களை, தரை தெரியாதபடி ஒரு துவாரத்தினூடே பார்த்தால் இரண்டும் ஒட்டி நிற்பதுபோல் தோன்றும். நம் கரையில் இதற்குச் சான்று வேண்டியதில்லை. பாலாவியில் உப்பளங்களைப் பார்க்கும்போது வரப்புகளை எண்ணித் தூரத்தைச் சொல்லிவிடலாம். கடலில் நிற்கும் தோணிக்கும் நமக்கும் இடையே அளவெடுக்க எதுவுமில்லை. பழகிய மீனவரின் கண் மட்டுமே அதனைச் சொல்லும். கற்பிட்டியில் களப்புக்கு அப்பால் எழும் முழுநிலவு உச்சி நிலவைவிடப் பெரிதாகத் தெரிவதும் இதனைச் சேர்ந்ததே. நிலவு வளரவில்லை. அடிவானம் நமக்கு வெகுதூரமாகப் படுவதால், அங்கே நிற்கும் நிலவை மனம் பெரிதென்று கணக்கிடுகிறது. இதனை மனத்தின் கணக்காக விளக்கியோரில் இப்னுல் ஹைதம் முன்னோடி.

அவர் விதைத்தது

ஹிஜ்ரி 430 அளவில், கி.பி. 1040ஐ ஒட்டி, அவர் கெய்ரோவில் மறைந்தார். அவரது நூலைப் பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்பாரிஸி விரிவாக ஆராய்ந்து உரை எழுதினார். 1200ஆம் ஆண்டளவில் அது இலத்தீனுக்குப் போனது. ரொஜர் பேக்கன் முதலானோர் அதனைக் கற்றனர். 1572இல் பாசெல் நகரில் அச்சேறியது. 2015ஐச் சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது, கிதாபுல் மனாழிரின் ஆயிரமாவது ஆண்டையும் உலகம் நினைவுகூர்ந்தது. சந்திரனில் ஒரு குழிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

அவர் தொட்ட கேள்வியைப் பின்வந்தோர் வெவ்வேறு வழிகளில் தொடர்ந்தனர். 1912இல் ஜேர்மனியில் மாக்ஸ் வெர்தைமர், நிற்கும் இரு கோடுகளை மாறிமாறிக் காட்டினால் அசைவு தெரிவதைக் கொண்டு, பகுதிகளில் இல்லாத ஒன்று முழுமையில் தோன்றுகிறது என்று காட்டினார். 1947இல் ஜோஆகிம் போடமர் என்ற மருத்துவர், தலையில் காயமுற்றவர் சிலர் கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரிந்தும் முகங்களை அடையாளம் காண இயலாதிருப்பதை எழுதினார். 1969இல் ரொபேர்ட் யின், தலைகீழாக்கிய முகத்தை அறிவது தலைகீழாக்கிய வேறு பொருட்களை அறிவதைவிடக் கடினமென்று நிறுவினார். வகுப்புப் புகைப்படத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தோழியரைத் தேடிப் பாருங்கள், விளங்கும்.

இந்தியாவில் நடந்த ஆய்வு நம்மை இன்னும் நெருங்கி வருகிறது. பிறவியிலேயே பார்வையிழந்த பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்து, அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று ஆராயும் பிரகாஷ் திட்டத்தைப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கினார். கட்டவிழ்த்ததும் அப்பிள்ளைகள் நம்மைப்போல் பார்த்துவிடவில்லை. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இரு வடிவங்கள் அவர்களுக்குப் பல துண்டுகளாகத் தெரிந்தன. நிழலும் தனிப்பொருளாகத் தெரிந்தது. பொருள் அசையும்போது, சேர்ந்து அசையும் துண்டுகள் ஒரே பொருளுக்குரியவை என்று கண்டுகொண்டனர். மாதங்கள் செல்லச் செல்ல அசையாத பொருளையும் முழுமையாய்க் காணக் கற்றனர். திறந்த கண் போதாது, பழகிய மனமும் வேண்டும் என்று கெய்ரோவில் எழுதியவரின் கருத்துக்கு அப்பிள்ளைகள் சாட்சியாயினர்.

நம் கரைக்கு இதில் என்ன?

ஓர் அடையாளத்தைக் கொண்டு முழுமையை அறிவது மனத்தின் பெரும் ஆற்றல். அதே ஆற்றல்தான் அநீதிக்கும் வழியாகிறது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் நம் புத்தளம் மாவட்டத்தில் தங்கினர். மன்னாரிலிருந்து பலர் தோணியேறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தனர். என் உம்மா அவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு எட்டு வயது. ஓலைக் குடிசையிலிருந்து பள்ளிக்கூடம் போன காலத்தில், வாயைத் திறந்து ஒரு சொல் பேசினால் போதுமாம், மன்னார்ப் பேச்சென்று அறிந்து பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்களாம். அகதி என்ற ஒரே சொல்லுக்குள் அவருடைய பெயர், அவர் வரைந்த படங்கள், கணக்கில் அவருக்கிருந்த கெட்டித்தனம் எல்லாம் மறைந்துபோயின. பார்த்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். உண்பதற்கு அழைத்துச் சோறு தந்தவர்களும் அவர்களே. ஆனால் ஒரு நோக்கில் அறிந்தது போதுமென்று அவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரே வாங்கில் பல மாதம் சேர்ந்திருந்த ஒருத்திக்குத்தான் உம்மா அகதியாக அல்லாமல் உம்மாவாகத் தெரிந்தார். அவர்கள் இருவரும் இன்றும் தோழியர்.

இப்னுல் ஹைதமின் எட்டு நிபந்தனைகளை இங்கே பொருத்திப் பாருங்கள். மிகத் தூரத்திலிருந்து பார்த்தால் பிழைக்கும். மிகக் குறைந்த நேரம் பார்த்தாலும் பிழைக்கும். இது பொருட்களுக்கு மட்டுமன்றி மனிதருக்கும் பொருந்துகிறது. பர்தாவைக் கண்டு நம்மை ஒரே கூட்டமாக எண்ணுவோர் உண்டு. பேச்சைக் கொண்டு, ஊரைக் கொண்டு, வாப்பாவின் தொழிலைக் கொண்டு பிறரை நாம் எண்ணிவிடுவதும் உண்டு. இரண்டும் ஒரே பிழைதான்.

தம் ஆசான்களின் நூல்களையே ஐயத்தோடு வாசித்தவர் இப்னுல் ஹைதம். உண்மையைத் தேடுபவர் பெரியோர் சொல்லையும், அதற்கும் மேலாகத் தம் சொந்த எண்ணத்தையும் சந்தேகித்துச் சோதிக்க வேண்டும் என்பது தொலமி பற்றிய நூலில் அவர் வலியுறுத்திய கருத்து. நைல் நதிக்கரையில் அதனைத் தம்மீதே செய்து காட்டினார். தம் கணக்குப் பிழைத்ததென்று கண்டபோது, உயிருக்கு ஆபத்தென்று தெரிந்தும் அதனை மறைக்கவில்லை.

தோழியரே, இவ்வாண்டும் புதிய மாணவிகள் நம் வகுப்புகளுக்கு வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் பார்த்த மாத்திரத்தில் நம் மனம் ஏதோ ஒரு பெயரை ஒட்டியிருக்கும். அதனைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் அருகே சென்று, போதிய வெளிச்சத்தில், போதிய நேரம் மறுபடி பார்க்க இயலும். அதற்கு ஓர் இடைவேளை நேரமும் பக்கத்தில் ஓர் இருக்கையும் இருந்தாலே போதும்.